எக்ஸ்ரே தம்பி வீட்டுப் பகல் தூக்கம்

எங்கள் மாடியில் யாராவது வழுக்கி விழுந்தால் முதலில் கூப்பிடுவது டாக்டரை அல்ல, எதிர்வீட்டு எக்ஸ்ரே தம்பியைத்தான். வருவான், குனிவான், வலிக்கிற இடத்தைத் தொடாமலே சுற்றிச் சுற்றிப் பார்ப்பான். கடைசியில் எல்லோரிடமும் ஒரே வசனத்தைச் சொல்வான்: "உடைஞ்சிருக்காது. எதுக்கும் ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்." குளியலறையில் நான் விழுந்தபோதும் அதையேதான் சொன்னான். படம் எடுத்துப் பார்த்தால் மணிக்கட்டு உடைந்துதான் இருந்தது. அதற்காக அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அலறிக்கொண்டிருந்த என்னை ஆஸ்பத்திரிவரை வாயை மூடிக்கொண்டு வரவைத்தானே, அதுவே பெரிய காரியம்.

வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் வேலை. ஈயம் வைத்த கனமான அங்கியை மாட்டிக்கொண்டு, நோயாளியைப் பலகையில் படுக்கவைத்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்று, "அசையாதீங்க, மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க, முடிஞ்சுது" என்று சொல்வதுதான் அவன் பிழைப்பு. நாளெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி வீட்டிலும் குரல் அப்படியே ஆகிவிட்டது. கீரைக்காரியிடம் பேரம் பேசினால்கூட ஏதோ சிகிச்சை நடப்பது போல இருக்கும்.

அங்கே அவனுக்கு ஒரு பெயர் உண்டு. குழந்தைகளுக்குப் படம் எடுக்க வேண்டும் என்றால் மற்றவர்கள் நழுவிவிடுவார்கள், இவனைத்தான் அனுப்புவார்கள். காது பிய்ந்த துணி முயல் ஒன்றை வைத்திருப்பானாம். முதலில் முயலைப் படுக்கவைத்து அதற்குப் படம் எடுப்பது போல நடிப்பான். அடுத்தது யார் என்று கேட்டால் அழுதுகொண்டிருந்த குழந்தை தானே ஏறிப் படுத்துக்கொள்ளுமாம். ஒரே தடவையில் படம் சுத்தமாக விழும். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் கொஞ்சம் கர்வம் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும், கர்வப்பட அவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

ஊர்க் குழந்தைகளையெல்லாம் அசையாமல் படுக்கவைத்த இந்தக் கெட்டிக்காரன், பெற்ற மகளைப் பகலில் தூங்கவைக்க முடியாமல் திணறிய கதைதான் இது.

மகளுக்கு நான் வைத்த பெயர் வாலு. இரண்டரை வயது. பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதால் மேலே விவரிக்கவில்லை. அவள் அம்மா பஸ் கம்பெனியில் டிக்கெட் கவுன்டரில் காலை ஷிப்ட் பார்த்து வந்தாள். மதியம் வீடு திரும்பியதும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடப்பாள். அம்மாவின் கழுத்து வியர்வை வாசனையில் வாலு கிறங்கிப் போவாள். பகல் தூக்கம் என்பது அந்த வீட்டில் யாரும் யோசித்துப் பார்க்காத விஷயமாக இருந்தது.

பிறகு அந்தப் பெண்ணுக்கு டிரைவர் பயிற்சி கிடைத்தது. பல வருஷமாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். கவுன்டரில் உட்கார்ந்தபடி, வெளியே பஸ் திரும்புகிற ஒவ்வொரு முறையும், இவள் கையும் சேர்ந்து திரும்பும் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். கடிதம் வந்த அன்றே நான் அவளை டிரைவரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். பயிற்சி காலையிலிருந்து சாயங்காலம் வரை. நாலு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். வரிசையில் நிற்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

அதனால் காலையில் குழந்தை அப்பாவிடம். மதியத்துக்கு மேல் அவன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அம்மா திரும்பும்வரை இடையில் விழுந்த ஓட்டையை அடைக்க என்னைக் கேட்டார்கள். நான் ஒரு நிபந்தனை போட்டேன். தூங்கி எழுந்த குழந்தையாகக் கொடுத்தால் பார்த்துக்கொள்கிறேன், தூங்காத குழந்தை என்றால் என்னால் முடியாது. கல்நெஞ்சக்காரி என்று நினைக்க வேண்டாம். நான் ஒரு கடைக்குக் கர்ட்டன் ஓரம் தைத்துக் கொடுக்கிறேன். என் வீட்டில் உட்கார்ந்தால் ஊசி, எழுந்தால் கத்தரிக்கோல். நன்றாகத் தூங்கி எழுந்த வாலு நூல்கண்டை உருட்டிக்கொண்டு சமத்தாக இருப்பாள். தூக்கம் கெட்ட வாலுவை அங்கே அவிழ்த்துவிட எனக்குத் தைரியமில்லை.

தம்பி முதலில் தோளில் போட்டுப் பார்த்தான். அவன் தோளெல்லாம் எலும்பு, வாலு நிமிர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, இருட்டு வேண்டும் என்று முடிவுக்கு வந்து, கறுப்பு உள்துணி வைத்த கனமான கர்ட்டன் ஒன்றை என்னிடமே தைத்து வாங்கிக்கொண்டு போனான். நான் துணிக் காசு மட்டும் வாங்கிக்கொண்டேன். மாட்டியதும் அறை கும்மிருட்டாகிவிட்டது. அதோடு விட்டானா? அறைக் கதவுக்கு மேலே வெளிப்பக்கத்தில் ஒரு சிவப்பு பல்பையும் மாட்டினான். எக்ஸ்ரே அறை வாசலில் இருக்குமே, அது எரிந்தால் யாரும் உள்ளே போகக்கூடாது என்று. பல்ப் எரிந்தால் பாப்பா தூங்குகிறாள், சத்தம் போடக்கூடாது என்று மனைவியிடம் விளக்கினானாம். பகலில் மனைவியே வீட்டில் இல்லை. பிறகு யாருக்காக அந்தப் பல்ப்?

வாலுவுக்கோ அந்தப் பல்ப்மேல் உயிர். உள்ளே படுத்துக்கொண்டால் அது தெரியாது என்பதுதான் அவள் குறை. எரிகிறதா என்று பார்க்க எழுந்து ஓடி வருவாள். எரிகிறது என்று பார்த்துவிட்டுப் போய்ப் படுப்பாள். இன்னும் எரிகிறதா என்று பார்க்க மறுபடி வருவாள். கடைசியில் பல்பைக் கழற்றிப் பரணில் போட்டான்.

அதன் பிறகுதான் அவனுக்குத் தன் கைத்திறமை ஞாபகம் வந்தது. வீட்டிலிருந்த பொம்மைக் கரடியை முதலில் படுக்கவைத்தான். அடுத்தது யார் என்று கேட்டான். வாலு ஏறிப் படுத்தாள். கையைப் பக்கத்தில் வை, தாடையைத் தூக்கு, கண்ணை மூடு, அசையாதே, மூச்சை இழு, பிடி, விடு. குழந்தை கட்டையாகக் கிடந்தது. அவன் பூனை மாதிரி நடந்து வெளியே வந்தான். அன்று குழந்தையை என்னிடம் கொண்டு வந்து விட்டபோது அவனுக்குத் தலை கால் புரியவில்லை. அசங்கவே இல்லையாம். வந்து எழுப்பினதும் சிணுங்காமல் உடனே எழுந்துகொண்டாளாம். இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டான்.

ஆனால் எனக்கு வந்து சேர்ந்த சரக்கு வேறு மாதிரி இருந்தது. சில நாள் பரவாயில்லை. பல நாள் நாலு மணிக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, காரணமில்லாமல் அழுது, நூல்கண்டைத் தூக்கியெறிந்து, ஒரே ஆட்டம். எனக்கு மடிப்பு பார்த்துப் பழகிய கண். தூங்கி எழுந்த குழந்தையின் கன்னத்தில் தலையணை மடிப்பு கோடு போட்டிருக்கும், பின்தலை முடி சிக்குப் பிடித்திருக்கும். இவள் கன்னம் மொழுமொழு, முடி சீவியது சீவினபடி. தம்பி எனக்குக் காதில் பூ சுற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் கேட்டும்விட்டேன். தூங்கினாள் அக்கா, நானே பார்த்தேன் என்று அதே ஆஸ்பத்திரிக் குரலில் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிரைவரம்மா தினமும் சாயங்காலம் ஷூவைக்கூடக் கழற்றாமல் என் வாசலில் நின்று முதலில் கேட்பது, பாப்பா இன்று எப்படி என்றுதான். கேட்கும்போதே என் முகத்தைப் படிப்பாள். நான் ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். பெரிய பஸ்ஸைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொண்டதைச் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த வியாழக்கிழமை இஸ்திரிப் பெட்டி விழுந்தது. மேசைமேல் சூடாக நிறுத்திவைத்திருந்தேன். வாலு அழுதுகொண்டே மேசைக்கடியில் புகுந்து, வெறி பிடித்தவள் போல வயரைப் பிடித்து இழுத்தாள். பெட்டி அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. தரை விரிப்பு கருகிய வாசனை வந்தது. அவளை வாரியெடுத்துக் காலைக் கையைத் தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஆனால் அன்று அதற்கு மேல் என்னால் ஒரு தையல்கூடப் போட முடியவில்லை.

சாயங்காலம் அவளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். இனி என்னால் முடியாது, நாளை ஒரு நாள், அதோடு சரி என்றேன். அவள் என்னோடு சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கருகின விரிப்பைக் குனிந்து பார்த்தாள். குழந்தையின் பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"உங்கமேல தப்பே இல்லக்கா. திங்கக்கிழமை போயி நின்னுக்கிறேன்னு சொல்லிடறேன். பாப்பா பெரிசாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் என்பது எப்போது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த முறை கூப்பிடும்போது அவளுக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும்.

மறுநாள் காலை தம்பி வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. வேலை நேரத்தை மாற்றிக் கேட்டுப் பார்த்தானாம், முடியாது என்றுவிட்டார்களாம். பிறகு மெதுவாக, சத்தியமாகக் குழந்தை தூங்குகிறாள், நான் ஏன் பொய் சொல்லப்போகிறேன் என்றான். நான் வாயைத் திறந்தேன், நன்றாகவே திறந்தேன். தூங்குகிற குழந்தையின் லட்சணமா இது, யாரிடம் கதை விடுகிறாய் என்று ஆரம்பித்துக் கொட்டித் தீர்த்தேன். முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றான். அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் எனக்கே சந்தேகம் வந்தது, இவன் பொய் சொல்லவில்லையோ என்று. மதியம் நானே வந்து பார்க்கிறேன் என்றேன்.

போனேன். கர்ட்டன் இழுத்துவிட்ட அறை, தரையில் மெத்தை, பக்கத்தில் கரடி. தம்பி முறைப்படி எல்லாவற்றையும் செய்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை, அழகாகவே செய்தான். வாலு கையைப் பக்கத்தில் வைத்து, தாடையை உயர்த்தி, கண்ணை மூடி, சொன்னபோது மூச்சை இழுத்து, சொன்னபோது விட்டாள். பார்த்தாயா என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, அவன் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். அந்த இடுக்கு வழியாகப் பார்த்தால் மெத்தையின் கால்மாடு மட்டும் தெரியும். இரண்டு சின்னப் பாதங்கள், அசையாமல். தினமும் அவன் பார்த்ததும் அதைத்தான். தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்தே பழக்கப்பட்ட மனுஷன். அவன் குளிக்கப் போனான். குளித்து, சட்டை தேய்த்து, சாப்பிட்டு முடித்து வந்து எழுப்புவது வழக்கம்.

எனக்குத் தடுப்பு எதுவும் கிடையாது. உள்ளே போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

இருட்டு பழகியதும் தெரிந்தது, அவள் கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. கூரையைப் பார்த்துக்கொண்டு, கட்டைவிரலைக்கூட ஆட்டாமல், இரண்டரை வயதுக் குழந்தை கிடந்தாள்.

"தூங்கலையாடி?" என்றேன் குசுகுசுவென்று.

உதட்டை அசைக்காமல் பதில் வந்தது. "பேசாதே. படம் எடுக்கறாங்க."

"எப்ப முடியும்?"

"அப்பா முடிஞ்சுதுன்னு சொல்லணும்."

அத்தனை நாளும் இந்தக் குழந்தை இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு, அப்பா சொல்லட்டும் என்று காத்துக் கிடந்திருக்கிறாள். சில நாள் அப்படியே தன்னையறியாமல் கண் அயர்ந்திருப்பாள், அவைதான் எனக்கு வாய்த்த நல்ல நாட்கள். மற்ற நாளெல்லாம் அவன் வந்து "முடிஞ்சுது, எழுந்திரி" என்றதும் அவள் உடனே எழுந்ததில் என்ன ஆச்சரியம்?

குளியலறைக் கதவைத் தட்டினேன். காதெல்லாம் சோப்போடு தலையை நீட்டினான். சொன்னேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, ஈரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"தினமுமாக்கா?" என்றான். பிறகு, "என்னை நம்பிப் படுத்திருக்கா. நான் சட்டை தேச்சிட்டு இருந்திருக்கேன்" என்றான்.

காலையில் நான் திட்டியபோதுகூட அவன் கண் கலங்கவில்லை. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் பார்க்க நேரமில்லை என்பதால், முதலில் போய் முடிஞ்சுது என்று சொல்லித் தொலை என்று விரட்டினேன். போய்ச் சொன்னான். வாலு உடனே துள்ளியெழுந்து ஹாலுக்கு ஓடி வந்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை முடிந்தால் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கரடியின் காதைத் திருகியபடி அவன் யோசித்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு விஷயம் சொன்னான். வலி தாங்காமல் வருகிற நோயாளிகள் சிலர் படம் எடுத்த பிறகும் பலகையைவிட்டு எழ முடியாமல் கிடப்பார்கள், தள்ளுவண்டி வருவதற்கு நேரமாகும். அவர்களிடம் மட்டும் அவன் வேறு மாதிரி சொல்வானாம். முடிந்துவிட்டது, எழுந்திருக்க வேண்டாம், எப்படிச் சௌகரியமோ அப்படிப் படுத்துக்கொள்ளுங்கள் என்று. அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர்கள் உடம்பு தளர்வதைத் தடுப்புக்குப் பின்னாலிருந்தே பார்க்க முடியுமாம். பாதிப் பேர் அங்கேயே அசந்து தூங்கிவிடுவார்களாம்.

"அதை வீட்டுல சொல்ல உனக்கு என்ன கேடு?" என்றேன்.

மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. அவள் பக்கத்தில் வெறுந்தரையில் தானும் படுத்தான். கரடிக்குப் படம், பிறகு மகளுக்குப் படம். இழு, பிடி, விடு.

"முடிஞ்சுது. படம் நல்லா வந்திருக்கு. எழுந்திரிக்க வேணாம். எப்படி வேணுமோ அப்படிப் படுத்துக்கோ."

வாலுவுக்கு நம்பிக்கை வரவில்லை. அசையலாமா என்று கேட்டாள். அசையலாம் என்றான். காலைத் தூக்கலாமா? தூக்கலாம். தூக்கிப் பார்த்தாள். குப்புறப் படுக்கலாமா? படுக்கலாம். படுத்துப் பார்த்தாள். கரடிமேல் ஏறலாமா, அப்பா மூக்கைப் பிடிக்கலாமா, விரல் சூப்பலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றையும் செய்து பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அவன் கண்ணை மூடிக்கொண்டு அதே தணிந்த குரலில் சரி சொன்னான். மெத்தை முழுக்கப் புரண்டாள். கேள்விகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. கடைசியாக, சுவரில் காலை வைத்துக்கொண்டு, "அப்பா, நான்..." என்று ஏதோ கேட்க வந்தாள். பாதியில் நின்றுவிட்டது. கால் தானாகச் சுவரிலிருந்து வழிந்து இறங்கி அவன் வயிற்றில் விழுந்தது.

அவன் ஓசைப்படாமல் நகர்ந்து வெளியே வந்தபோது வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. தேய்க்காத சட்டை, காதில் காய்ந்த சோப்பு. வழக்கம்போல் என் வீட்டில் கொண்டு விட, எழுப்பட்டுமா என்று தயங்கினான்.

"எழுப்பிப் பாரு, கையை உடைச்சிடுவேன். அப்புறம் நீயே உனக்குப் படம் எடுத்துக்க."

சிரித்துக்கொண்டே மாடிப்படியில் ஓடினான். நான் என் வீட்டிலிருந்து ஒரு கர்ட்டனையும் ஊசியையும் மட்டும் எடுத்து வந்து அவர்கள் ஹாலில் உட்கார்ந்தேன். மெஷின் சத்தம் இல்லாமல் கையால் ஓரம் தைத்து எத்தனையோ காலமாகிறது. உள்ளே குழந்தையின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. எதிரே கொடியில் டிரைவரம்மாவின் பயிற்சிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அடிக்கடி எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். இத்தனை நாள் பாக்கி வைத்த தூக்கத்தையெல்லாம் அன்றே தீர்த்துவிடுவது என்று படுத்திருந்தாள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

வெயில் சாய்ந்த பிறகு படியில் ஷூ சத்தம் கேட்டது. என் வீட்டுக் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துப் பதறிப்போய், மூச்சிரைக்க ஓடி வந்தாள் டிரைவரம்மா. என்ன ஆச்சு, பாப்பா எங்கே என்று வாய் திறக்கும் முன்பே நான் விரலை உதட்டில் வைத்தேன்.

"தூங்கறா. மதியத்திலேருந்து."

அவள் நம்பவில்லை. போய்ப் பார்த்தாள். வெகுநேரம் வாசற்படியிலேயே நின்றாள். மகள் ஒரு காலைக் கரடிமேல் போட்டு, வாயைத் திறந்துகொண்டு, தலையணையைவிட்டு எங்கோ தள்ளிக் கிடந்தாள். நான் நடந்ததையெல்லாம் குசுகுசுவென்று சொன்னேன். கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து, ஷூவோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து யாரிடமும் கேட்க முடியாத ஒன்றைக் கேட்பது போல, என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"அப்ப திங்கக்கிழமை நான் போலாமாக்கா?"

"போ. நான் இங்கேயே வந்து உக்காந்துக்கறேன். நீ போய் பஸ்ஸை ஓட்டு."

துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். சத்தம் போடாதே, எழுந்துவிடப் போகிறாள் என்று அதட்டினேன்.